சுண்ணாம்புக் குழியும் சினிமா ராணியும்

பாரிசு மாநகர். 1730-ஆம் ஆண்டு, மார்ச்சுத் திங்கள். ஊர் உறங்கும் நேரத்தில் வண்டியொன்று புறப்படுகிறது. உள்ளே ஒரு பெண்ணின் உடல். மணியோசை இல்லை, மறைமொழி ஓதுவார் இல்லை, மலர்தூவ வந்தோர் இல்லை. ஆளரவமற்ற ஓரிடத்தில் குழி தோண்டி, உடலைக் கிடத்தி, அதன்மீது சுண்ணாம்பைக் கொட்டி மூடிவிட்டு, வந்தவர்கள் திரும்பினார்கள். கல் நடவில்லை. பெயர் பொறிக்கவில்லை.

யார் அந்தப் பெண்? கொலைகாரியா? கொள்ளைக்காரியா? நாட்டைக் காட்டிக்கொடுத்த நாசகாரியா? அல்ல, தோழர்களே! பிரெஞ்சு நாட்டு நாடகமேடையின் பேரரசி, அட்ரியன் லெகூவ்ரர்! தொப்பி செய்யும் தொழிலாளி ஒருவரின் மகள். இராகம் போட்டு இழுத்து வசனம் பேசுவதே நடிப்பு என்றிருந்த காலத்தில், மனிதர் பேசுவதுபோல் மேடையில் பேசிக் காட்டியவர். மன்னர் குலத்தார் கைதட்டினர், மந்திரிமார் மயங்கினர், மக்கள் போற்றினர். ஆனால் மதகுருமார் மட்டும் ஒரு கணக்கு வைத்திருந்தனர். நடிப்புத் தொழிலே பாவம். சாகும் தறுவாயில் 'இத்தொழிலை விட்டேன்' என்று சொன்னால்தான் புனித மண்ணில் புதைகுழி. அவர் அப்படிச் சொல்லவில்லை. முப்பத்தேழு வயதில் மறைந்த அக்கலைச்செல்விக்குச் சுண்ணாம்புக் குழிதான் கிடைத்தது.

அவருடைய நண்பர் ஒருவர் இருந்தார். வால்டேர்! சும்மா இருப்பாரா? வெகுண்டெழுந்து கவிதை பாடினார். அதே 1730-இல் இலண்டனில் ஆன் ஓல்ட்பீல்ட் என்ற நடிகை மறைந்தபோது, அறிஞர் நியூட்டனை அடக்கம் செய்த வெஸ்ட்மின்ஸ்டர் கோயிலிலேயே அவரையும் அடக்கம் செய்து ஆங்கிலேயர் பெருமைப்படுத்தியதை எடுத்துக்காட்டித் தன் நாட்டாரை நாணச் செய்தார்.

இந்தக் கதையை நாம் நன்கு அறிவோம். பதினெட்டு வயதில், சிவகாசியில் படிப்பகமொன்றின் ஆண்டுவிழாவில், ஒலிபெருக்கி அதிர இதைப் பேசியவர் நாம். "பாதிரி கொடுத்த பரிசைப் பார்த்தீர்களா? பாரிசு நகரத்துப் பகுத்தறிவாளன் கேட்டதைக் கேட்டீர்களா?" என்று அடுக்கினோம். கைத்தட்டல் காதைப் பிளந்தது. இருநூற்று முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன், ஏழு கடலுக்கு அப்பால் செத்துப்போன ஒரு நடிகைக்காக அன்று நம் கண்கள் கலங்கியது உண்மை. அந்தக் கலக்கம் எத்தனை நாள் நிலைத்தது என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

தமிழ்நாட்டு நடிகை ஒருவரின் வரலாறு அப்போது நமக்குத் தெரியாது. தெரிந்தது 1981-இல். தமிழ்ப் பேசும்படத்துக்கு ஐம்பது ஆண்டு நிறைந்த அந்த ஆண்டில், நாம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் பணியில் இருந்தோம். சிறு வெளியீடு ஒன்றின் படிகள் மேசைக்கு வந்தன. 'முதல் தமிழ்ப் பேசும்படம் காளிதாஸ், 1931 அக்டோபர் 31, கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி' என்றிருந்தது. ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்துக்கொண்டிருந்த பேனா நின்றது. 1931! நம் பகுதியாருக்கு அந்த ஆண்டு மறக்கக்கூடியதா? செங்கற்பட்டில் 1929-லும், ஈரோட்டில் 1930-லும் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, மூன்றாவதாக விருதுநகரில் கூடிய ஆண்டல்லவா! அந்த ஆகஸ்டில் விருதுநகரில் மகளிர் மாநாடும் நடந்தது. பெண்ணுக்குப் பதினாறு வயதுக்கு முன் மணமில்லை, ஒவ்வாத மணத்தை அறுக்க உரிமை, ஆணுக்கு நிகராகச் சொத்தில் பங்கு என்று செங்கற்பட்டில் முழங்கிய முழக்கம், விருதுநகர் வீதிகளில் மறுபடி எழுந்தது. மூன்று திங்கள் ஆவதற்குள், சென்னையில் ஒரு திரையில், தமிழ்ப்பெண் ஒருத்தி முதன்முதலாக வாய்திறந்து பேசுகிறாள்! பேசியவர் யாரென்று தேடத் தொடங்கினோம்.

1911-இல் திருவையாற்றில் பிறந்தவர். தந்தை பஞ்சாபகேச சாஸ்திரி, கிராமக் கணக்கர். வைதீகம் வரிந்துகட்டிக்கொண்டு வாழ்ந்த குடும்பம், காவிரிக்கரை, காதுக்கு ஓயாத பாட்டு. குழந்தை பாடியது, கேட்டதைக் கேட்டபடி திருப்பிப் பாடியது. சாத்திரம் என்ன செய்தது? விளையாட்டுப் பருவம் தாண்டாத அந்தச் சிறுமியின் கழுத்தில் தாலியைக் கட்டியது. வரதட்சணைத் தகராறு முளைத்தது. மணவாழ்வு, வாழ்வென்று சொல்லத் தகும் எதுவும் தொடங்குமுன்பே முடிந்தது. தந்தையும் மறைந்தார். கணவன் உயிரோடிருக்க வாழாவெட்டி, வருவாய்க்கு வழியில்லாத தாய் - இந்த இருவரும் திருச்சிராப்பள்ளிக்கு வந்து சேர்ந்தனர்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். நம் இயக்கத்தார் சிலர் 'அவர் பார்ப்பன வகுப்பினர் ஆயிற்றே' என்று இழுப்பதுண்டு. ஆம், அவ்வகுப்பில்தான் பிறந்தார். அவ்வகுப்பின் சாத்திரமே அவர் குழந்தைப் பருவத்தைக் கொளுத்தியது. மனு எழுதியவன் வாள், முதலில் பாய்ந்தது அவன் வீட்டுப் பெண்ணின்மேல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1930-இல் நடைமுறைக்கு வந்தது. சாத்திரம் போச்சு, சமயம் போச்சு என்று வைதீகர் அலறினர். அது அவருக்குப் பன்னிரண்டு ஆண்டு முந்தி வந்திருந்தால் திருவையாற்றுச் சிறுமிக்குத் தாலிச் சிறை இல்லை. மேடையும் இருந்திராது என்று சிலர் சொல்லக்கூடும். அந்த வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை.

திருச்சியில் சி. எஸ். சாமண்ணாவின் நாடகக் குழு இருந்தது. நாடகத் தந்தை சங்கரதாஸ் சுவாமிகள் அந்தச் சிறுமியின் பாட்டைக் கேட்டார்; ஒப்பினார். பெண் வேடத்தையும் ஆணே கட்டுவது பெரும்பாலான கம்பெனிகளில் வழக்கமாயிருந்த நாள். கும்பகோணம் பாலாமணி போன்ற சிலர் முன்பே மேடையை ஆண்டதுண்டு. ஆனால் அவர்களை ஊர் என்ன பெயர் சொல்லி அழைத்ததென்று நமக்குத் தெரியாதா? அக்கிரகாரத்திலிருந்து ஒரு பெண் அரிதாரம் பூசினால்? உறவு அறுந்தது, ஊர் வாய் திறந்தது. சிறுமி பாடிக்கொண்டிருந்தாள். எஸ். ஜி. கிட்டப்பா, எம். கே. தியாகராஜ பாகவதர் என்று அந்நாளைய பெருங்குரல்களுக்கு எதிரே நின்று, குரலுக்குக் குரல் கொடுக்கும் நிலைக்கு உயர்ந்தார். ஒலிபெருக்கி இல்லாத காலம், தோழர்களே! கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவன் செவிக்குப் பாட்டு எட்டவில்லையென்றால் கல் எட்டும். அந்த அவையில் வென்றார்.

பிறகு படம். பேசாப்படமாக எடுக்கப்பட்ட 'கோவலன்' போன்றவற்றில் வாய்திறவாமல் நடித்தார். பாடிப் பிழைத்தவருக்குப் பாட்டில்லாத படம்! பம்பாயில் அர்தேஷிர் இரானியின் கம்பெனி இந்தியாவின் முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா'வை 1931 மார்ச்சில் வெளியிட்டது. அதே கம்பெனி, எச். எம். ரெட்டியின் இயக்கத்தில் தமிழுக்கும் படமெடுக்க முனைந்தபோது, ராஜலட்சுமி அம்மையாரைத்தான் அழைத்தது.

'காளிதாஸ்' ஒரு விந்தைப் படம். கதாநாயகி தமிழ் பேசுவார். கதாநாயகன் தெலுங்கில் விடையளிப்பார். இடையிடையே இந்தியும் வரும். அரசகுமாரிக்கும் அரசியலுக்கும் தொடர்பில்லாமல், மதுரகவி பாஸ்கரதாசின் தேசியப் பாட்டும் இராட்டைப் பாட்டும் நடுவே புகும். காங்கிரசுப் பாட்டு! கொள்கையில் அம்மையாருக்கும் நமக்கும் இடைவெளி உண்டு, ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் மேடையில் அந்தப் பாட்டுகளைப் பாடியதற்காக வெள்ளை ஆட்சியின் போலீசுக் கெடுபிடிக்கும் அஞ்சாதவர் என்பதையும் ஒளிக்க வேண்டியதில்லை.

கதை என்ன? மந்திரியின் மகனை மணக்க மறுத்த அரசகுமாரியைப் பழிவாங்க, மாடு மேய்ப்பவன் ஒருவனைப் புலவனென்று சொல்லி அவள் தலையில் கட்டிவிடுகின்றனர். அவள் காளியிடம் முறையிட, காளி கண் திறக்கிறாள். கட்டுக்கதைதான். ஆயினும் கேட்காமல் கட்டிவைக்கப்பட்ட பெண்ணின் வேடத்தை, கேட்காமல் கட்டிவைக்கப்பட்ட பெண்ணே ஏற்று, திரையில் அழுதபோது, அந்த அழுகைக்கு அவருக்கு ஒத்திகை தேவைப்பட்டிருக்குமா?

படச்சுருள் பெட்டி பம்பாயிலிருந்து சென்னைக்கு வந்த காட்சியைத் திரைப்பட வரலாற்றாளர் எழுதிவைத்திருக்கின்றனர். கூட்டம் திரண்டு, பெட்டியை ஊர்வலமாக எடுத்துச் சென்று, மலர்தூவி, ஊதுவத்தி கொளுத்தி, தேங்காய் உடைத்ததாம்! தகரப் பெட்டிக்குத் தேங்காய்! உள்ளே சுருண்டிருந்த பெண்ணை நேரில் கண்டால் 'கூத்தாடி' என்று முகம் சுளிப்பவன்தான், பெட்டிக்குக் கற்பூரம் காட்டினான். கினிமா சென்ட்ரல் என்ற கொட்டகையில், பின்னாளில் அதற்கு முருகன் டாக்கீஸ் என்று பெயர், படம் ஓடியது. சினிமா ராணி என்று பட்டம் சூட்டினர்.

அடுத்து 1933-இல் 'வள்ளி திருமணம்'. கோவையிலிருந்து கொட்டகை வண்டி கட்டிக்கொண்டு ஊரூராகப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட், கல்கத்தாக் கம்பெனியோடு சேர்ந்து எடுத்த படம். நல்ல வசூல். தினைப்புனத்து வள்ளியாக அம்மையார் நின்றது கல்கத்தாப் படப்பிடிப்பு நிலையத்தில்! கல்கத்தா என்றதும் எம் ஊராருக்கு வேறொன்று நினைவு வரும். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இளைஞர் இருவர் அந்நகருக்கே சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். 1923-இல் சிவகாசியில் தொழில் தொடங்கியது. மழையற்ற கரிசல் பூமியில் வேலை பிறந்தது, பட்டினி குறைந்தது. அந்த வேலையில் பெரும்பகுதியைப் பெண்ணின் விரல்கள் செய்தன. அவற்றுள் பல, எண்ணத் தெரியாத வயதுப் பெண்களின் விரல்கள்.

நம் அக்கா அவர்களுள் ஒருவர்.

1957-இல், ஒன்பதாம் வயதில், தீப்பெட்டி ஆபீசுக்குப் போனார். குச்சிகளைச் சட்டத்தில் வரிசை வரிசையாக அடுக்கும் வேலை. 'கட்டை அடுக்குவது' என்பர். கட்டைக்கு இவ்வளவு என்று கூலி. விளக்கு வைத்தபின் அம்மாவோடு உட்கார்ந்து பெட்டி ஒட்டுவார். தந்தை இல்லாத வீடு. தம்பியாகிய நாம் பள்ளிக்குப் போனோம். அக்காவின் கட்டைக் கூலியில் நமக்குச் சிலேட்டு, சட்டை, பிறகு படிப்பகச் சந்தா. குழந்தை உழைப்பை வரையறுக்கும் சட்டம் 1986-இல் வந்தது. எம் சிவகாசியைக் குறித்தே தொடுத்த வழக்கில், குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் இருபதாயிரம் ரூபாய் கட்டவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. அக்காவுக்கு அப்போது வயது நாற்பத்தெட்டு.

அக்கா பாடுவார். கட்டை அடுக்கும் கூடத்தில் ஐம்பது பெண்கள் குனிந்திருக்க, ஒரு குரல் மட்டும் நிமிர்ந்திருக்கும். நம் தெருவில் ஆர்மோனியக்காரர் ஒருவர் குடியிருந்தார். ஸ்பெஷல் நாடகங்களுக்கு வாசிப்பவர். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே வள்ளி திருமணப் பாட்டுகள் முழுவதையும் அக்கா பிடித்துக்கொண்டார். பாட்டைவிட அவருக்குப் பிடித்தது தர்க்கம். நாரதர் கேட்பார், வள்ளி மடக்குவாள். வேடன் மிரட்டுவான், வள்ளி எள்ளுவாள். எழுதிவைத்த வசனமன்று, மேடையில் நின்ற நிலையில் மூளையிலிருந்து பிறக்க வேண்டும். கதை புராணக் குப்பை என்று நாம் கூட்டத்தில் பேசுவோம். ஆனால் இரவு முழுதும் ஓர் ஆணுக்கு எதிரே நின்று ஒரு பெண் வாதாடி வெல்வதை, அந்தக் குப்பையில்தான் எம் ஊர்ப் பெண்கள் கண்டார்கள் என்பது அப்போது நமக்கு உறைக்கவில்லை.

1968. பங்குனிப் பொங்கல். பக்கத்துக் கிராமம் ஒன்றில் நாடகம். ஸ்த்ரீபார்ட் அம்மாளுக்குக் காய்ச்சல், வர இயலவில்லை. ஆர்மோனியக்காரர் மாலை நான்கு மணிக்கு நம் வீட்டு வாயிலில் வந்து நின்றார். "பாப்பாவுக்கு எல்லாம் பாடம். ஒரு ராத்திரி கைகொடுத்தால் நாடகம் நிற்காது. நாற்பது ரூபாய் வாங்கித் தருகிறேன்" என்றார். நாற்பது ரூபாய் அக்காவுக்குப் பல வாரக் கூலி. அம்மா, "தம்பி என்ன சொல்றானோ அதுதான்" என்றார். பதினெட்டு வயதுத் தம்பி! அந்த வாரந்தான் படிப்பகத்தில் அட்ரியன் லெகூவ்ரருக்காகக் கண்கலங்கி முழங்கியிருந்த தம்பி!

நாம் என்ன சொன்னோம்? "நம் குடும்பத்துப் பெண் கூத்தாடுவதா? கட்சிக்காரர்கள் என்ன நினைப்பார்கள்?" என்றோம்.

சாமியைக் காட்டி மறுக்கவில்லை, சாத்திரத்தைக் காட்டவில்லை. கட்சியைக் காட்டினோம். பாதிரி கையிலிருந்த சுண்ணாம்பு நம் கைக்கு எப்படி வந்தது என்று இன்றும் வியக்கிறோம்.

அக்கா அழவில்லை. "ஏன்டா தம்பி, நீ மேடையேறிப் பேசினாக் கொள்கை, நான் ஏறிப் பேசினாக் கூத்தா?" என்றார். நாம் பட்டிமன்றங்களில் பலமுறை வென்றவர். அந்தக் கேள்விக்கு மட்டும், "உள்ளே போ" என்பதுதான் விடையாக வந்தது. ஆர்மோனியக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஆண்டு அக்காவுக்குத் திருமணம். சுயமரியாதைத் திருமணம்! அறிஞர் அண்ணா ஆட்சியில் 1967-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின்படி, புரோகிதர் இல்லை, ஓமப்புகை இல்லை, மாலை மாற்றினர். ஐந்து பேச்சாளர்கள் பெண் விடுதலை பற்றி இரண்டு மணி நேரம் பேசினர். மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று அக்காவை யாரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

அம்மையாரின் கதைக்குத் திரும்புவோம். 'வள்ளி திருமண'த்தில் நாரதராக நடித்த டி. வி. சுந்தரத்தைப் பின்னர் மணந்தார். தோழர்களே, இதை நிறுத்திப் படியுங்கள். குழந்தையாக இருந்தபோது ஒருவன் கட்டிய தாலியோடு கடைசிவரை காத்திருக்க வேண்டும் என்பது அவர் பிறந்த இடத்துச் சட்டம். மணவிலக்கு உரிமையை இந்தியா முழுமைக்கும் வழங்கிய இந்து திருமணச் சட்டம் வந்ததோ 1955-இல். செங்கற்பட்டில் நம்மவர் தீர்மானமாகக் கேட்டதை, கேட்ட சில ஆண்டுகளிலேயே, எந்தச் சட்டத்தின் துணையும் இல்லாமல், எந்த மாநாட்டுக்கும் வராமல், அந்தப் பெண் தன் வாழ்வில் செய்துகொண்டார். அவருக்கு நம் ஏடுகளில் வாழ்த்துரை வந்திருக்க வேண்டுமா இல்லையா?

1936-இல் 'மிஸ் கமலா'. கதை அவருடையது, 'கமலவல்லி' என்று தாமே எழுதிய நாவல். படத்தை எடுத்தவர் அவர். இயக்கியவர் அவர். கதாநாயகி அவர். தென்னகத்தில் பெண் ஒருவர் படத்தை இயக்கியது அதுவே முதன்முறை. அப்போது வயது இருபத்தைந்து. உலகில் இதைத் தொடங்கியவரும் ஒரு பிரெஞ்சுப் பெண்தான். அலிஸ் கை, 1896-இல். அவர் செய்த படங்கள் பலவற்றை ஆண்களின் கணக்கில் எழுதி வைத்திருந்தனர் பிற்காலத்தார்.

அதே 1936-இல்தான் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 'தாசிகள் மோசவலை' என்ற நாவலை வெளியிட்டார். பொட்டுக்கட்டும் கொடுமையை, அதில் பிறந்து வளர்ந்த பெண்ணே எழுதிய நூல். இருவரும் காவிரிக்கரைப் பெண்கள். ஒருவர் கோயிலுக்கு நேர்ந்துவிடப்படும் குலத்திலிருந்து வெளியேறினார். மற்றவர் கோயிலைக் காக்கும் குலத்திலிருந்து வெளியேறினார். இருவர் கையிலும் ஒரே ஆண்டில் பேனா. மூவலூராரை நாம் மேடைதோறும் போற்றுகிறோம்; போற்றவேண்டும்; 1947-இல் பொட்டுக்கட்டு ஒழிப்புச் சட்டம் வரும்வரை ஓயாது போராடியவர். ஆனால் திருவையாற்றாரை ஏன் மறந்தோம்?

புராணப் படங்களில் நடித்தார் என்பது ஒரு குற்றச்சாட்டு. நடித்தார்தான். 1938-இல் 'நந்தகுமார்' படத்தில் யசோதையாகக்கூட நின்றார். அந்த நாளில் புராணத்தை விட்டால் பெண்ணுக்கு வேறு வேடம் யார் எழுதினார்? 'வேலைக்காரி' திரைக்கு வந்தது 1949-இல், 'பராசக்தி' 1952-இல். 'வேலைக்காரி' திரைக்கு வருவதற்குப் பதின்மூன்று ஆண்டு முன்பே, சமுதாயக் கதையைத் தாமே எழுதி, தம் பணத்தைப் போட்டு எடுத்தவரை, யசோதை வேடத்துக்காகத் தள்ளிவிடுவது நேர்மையாகாது. நம் படங்களில் மட்டும் பெண்ணுக்கு என்ன கிடைத்தது? அண்ணனின் அடுக்குமொழியைக் கேட்டு அழும் தங்கை வேடம் பெரிதும் கிடைத்தது. இதைச் சொன்னதற்காக நம்மைக் கோபிக்கும் நண்பர்கள் உண்டு, கோபிக்கட்டும். அந்த வசனங்களை நாமும் மனப்பாடமாகச் சொல்லித் திரிந்தவர்தான்.

1939-இல் 'மதுரை வீரன்' எடுத்தார். சொந்தப் படம் சொத்தைத் தின்னும் என்பது திரையுலகில் எல்லோரும் சொல்வது. ஆணுக்கும் அதே விதிதான். கீழ்ப்பாக்கத்தில் 'ராஜமகால்' என்று பேர் சொல்லிக் கட்டிய மாளிகை அவருடையது; பின்னாளில் அது கைமாறியது. படவாய்ப்புகள் மங்கின. புதிய முகங்கள் வந்தன. 1961-இல் கலைமாமணி விருது வந்தபோது அவருக்கு ஐம்பது வயது. பக்கவாதம் உடலை முடக்கியது. 1964 ஆகஸ்டில் மறைந்தார். அப்போது நமக்குப் பதினான்கு வயது. இருபதாம் தேதி என்ன செய்துகொண்டிருந்தோம் என்று நினைவில்லை. செய்தி எம் தெருவை எட்டியதாகவும் நினைவில்லை.

'காளிதாஸ்' இன்று இல்லை. படியொன்றும் எஞ்சவில்லை; சில நிழற்படங்களும் பாட்டுப் புத்தகமும் விளம்பரமும் உண்டு. அந்நாளைய படச்சுருள் எளிதில் தீப்பற்றும் பண்டம். எம் ஊர் வெடிமருந்துக்குச் சற்றும் இளைத்ததன்று. எரிந்தது பாதி, மக்கியது மீதி. தமிழ் பேசிய முதல் திரைக்குரலை, தமிழ் பேசும் ஒருவரும் இனிக் கேட்க முடியாது. இதற்குச் சுண்ணாம்பு தேவைப்படவில்லை.

எம் ஊரை நினைத்தால் இன்னொரு வேடிக்கை. தீப்பெட்டிக்கு லேபில் வேண்டும் என்பதற்காகவே சிவகாசியில் அச்சுத்தொழில் வளர்ந்தது. பிறகு நாட்காட்டி, பட்டாசுப் பெட்டிப் படம், பல்லாயிரம் சாமிப் படம். அந்தச் சாமிகள் எங்கிருந்து வந்தன தெரியுமா? கோவில்பட்டியில் இருந்த ஓவியர் கொண்டையராஜு, நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதிவந்தவர். நாடக மேடைக்குப் பின்னால் தொங்கிய அதே மலையும் மாடமும்தான், சரசுவதிக்குப் பின்னாலும் முருகனுக்குப் பின்னாலும் நாட்காட்டியில் வந்து நின்றன. கூத்தாடியென்று ஒதுக்கிய மேடையிலிருந்து கடவுளுக்கு வீடும் நகையும் போயின! முப்பதாண்டு அச்சகத்தில் இருந்தோம். தேவிக்கு நடிகையின் முகச்சாயல், மத்தாப்புப் பெட்டியில் நடிகையின் சிரிப்பு. படத்தின் அடியில் அச்சகத்தின் பெயர் இருக்கும். கடையின் பெயர் இருக்கும். முகத்துக்கு உரியவள் பெயர் இராது. எழுத்துப் பிழை பார்த்து அனுப்பிய நாம் அந்தப் பிழையைத் திருத்தியதில்லை.

ஓய்வு பெறுமுன் ஒருமுறை முயன்றோம். பகுத்தறிவு மன்றத் தோழர்கள் சிலர் போட்ட நாட்காட்டியில், அக்டோபர் தாளில் டி. பி. ராஜலட்சுமி படம் போடலாம் என்றோம். "அந்த அம்மா நம்ம ஆளா?" என்றார் ஒரு தோழர். "விருதுநகர் மாநாட்டின் ஆண்டில் பேசியவர்" என்றோம். தலைவர் ஒருவரின் படமே அந்தத் தாளிலும் வந்தது.

சென்ற ஆண்டு அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார். கட்டை அடுக்கி அடுக்கி வளைந்த விரல்கள் நிமிர மறுக்கின்றன. பேரப் பெண் கல்லூரிக்குப் போகிறாள். நாம் சேர்த்துவைத்திருந்த அம்மையாரின் நிழற்படத்தைக் காட்டி, கதை முழுவதும் சொன்னோம். திருவையாறு, தாலி, திருச்சி, பம்பாய், கல்கத்தா, வள்ளி, மிஸ் கமலா. அக்கா படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"வள்ளியா நடிச்சாங்களா?"

"ஆம், அக்கா. தமிழ்ப் பேசும்படத்தில் வள்ளியாக."

"ராத்திரி வெளியூர் போகணுமே. பம்பாய், கல்கத்தான்னு."

"போனார்கள்."

"அந்த அம்மாவுக்குத் தம்பி யாரும் இல்லையா?"

பேரப்பெண் சிரித்துவிட்டாள், விளையாட்டுக் கேள்வி என்று நினைத்திருப்பாள். அக்கா சிரிக்கவில்லை. படத்தை நம் கையில் கொடுத்துவிட்டு, காப்பி ஆறிப்போகிறது, குடி என்றார்.